குமரி மாவட்ட வீட்டுக்குப் பசுமை மின்சாரம்: எது கட்டுப்படியாகும், எது ஆகாது

லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்குப் பேசும்போது, "நாங்க காத்தாடி கரண்ட் விக்கிற கம்பெனிக்கு மாறிட்டோம், நீங்களும் மாறுங்க" என்று சொல்வதுண்டு. அங்கே அது நடக்கும். கம்பி ஒருவருடையது, அந்தக் கம்பியில் மின்சாரம் விற்பவர்கள் பலர். யாரிடம் வாங்குவது என்பதை வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்கலாம். நம் ஊரில் கம்பியும் விற்பனையும் ஒரே கையில் இருக்கின்றன. 2003 மின்சாரச் சட்டப்படி உரிமம் பெற்ற விநியோக நிறுவனம்தான் வீட்டுக்கு மின்சாரம் தர முடியும். தமிழ்நாட்டில் அது மின்வாரியத்தின் இன்றைய வடிவமான தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் மட்டுமே. மும்பையின் சில பகுதிகளில் இரண்டு நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு. ஒரே பகுதியில் பல நிறுவனங்கள் விற்க வழிசெய்யும் சட்டத்திருத்த மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது, சட்டமாகவில்லை.

முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் சுற்றுகிற காற்றாலையிலிருந்து நேராக வாங்கலாமே என்றால், அதுவும் வீட்டுக்கு ஆகாது. 2022-ல் வந்த பசுமை மின்சாரத் திறந்த அணுகல் விதிகளின் கீழ் குறைந்தது 100 கிலோவாட் ஒப்பந்தத் தேவை உள்ளவர்தான் வெளியிலிருந்து வாங்க முடியும். அது ஆலைக்கும் பெரிய மருத்துவமனைக்கும் உள்ள வழி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் பிறக்கும் மின்சாரத்தில் நல்ல பங்கு எங்கோ இருக்கிற ஆலைகளின் கணக்கில் கழிகிறது. ஆனால் கோதையாறு நீர்மின்சாரம், கூடங்குளம் அணுமின்சாரம், காற்றாலை மின்சாரம் எல்லாம் ஒரே மின்கம்பி வலையில் கலந்துதான் நம் மீட்டருக்கு வருகின்றன. அதில் பசுமையை மட்டும் பிரித்தெடுக்க முடியாது.

ஆகவே குமரி வீட்டுக்காரர் முன்னால் உள்ள தேர்வுகள் வேறு: ஈபி மின்சாரத்தையே குறைத்துச் செலவழிப்பது, மாடியில் வலையோடு இணைந்த சூரிய மின்சாரம், பேட்டரியோடு கூடிய ஹைபிரிட், சிறு காற்றாடி. எது கட்டுப்படியாகும் என்பது பெரும்பாலும் ஒரே எண்ணைப் பொறுத்தது. இரண்டு மாதத்துக்கு உங்கள் பில்லில் எத்தனை யூனிட்?

முதலில் பில்லைப் படியுங்கள்

2024 ஜூலை முதல் வீடுகளுக்கு அமலான விகிதத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். உங்கள் கடைசி பில்லில் வேறு விகிதம் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டினால் அட்டவணையே மாறும். இலவச 100 போக 400 வரை எல்லாமே 4.70, பிறகு 6.30, 501-லிருந்து 8.40, 601-லிருந்து 9.45, 801-லிருந்து 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55.

இதனால் 500 யூனிட் பில் 1,805 ரூபாய், 501 யூனிட் பில் 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய். முன்னூறு யூனிட் வீடு 705 ரூபாய் கட்டுகிறது. எழுநூறு யூனிட் வீடு 3,825 கட்டுகிறது. பயன்பாடு இரண்டு மடங்கு சொச்சம், பில்லோ ஐந்து மடங்குக்கு மேல்.

சூரியத் தகடு விற்க வருபவர் பெரும்பாலும் இந்த அடுக்கைப் பற்றிப் பேசமாட்டார். "யூனிட்டுக்கு எட்டு ரூபாய் மிச்சம்" என்று ஒரே விலையாகச் சொல்லிவிட்டுப் போவார். மேல் அடுக்கில் கழியும் யூனிட்டுக்குத்தான் எட்டும் ஒன்பதும். கீழே இறங்க இறங்க நாலே முக்கால், பிறகு இரண்டே கால் சொச்சம், கடைசி நூறுக்கு ஒன்றுமே இல்லை. தகட்டின் அளவை முடிவு செய்ய வேண்டியது இந்த இடத்தில்தான்.

மின்விசிறி

சூரியத் தகட்டுக்கு முன்னால் தலைக்கு மேலே பாருங்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள விசிறி முழு வேகத்தில் 28 முதல் 35 வாட். ஐந்து விசிறி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடுகிற வீட்டில் நாளுக்கு 2.7 யூனிட், இரண்டு மாதத்தில் 160 யூனிட் குறையும். 610 யூனிட் பில் 2,974 ரூபாய். அது 450 ஆனால் 1,490. ஐந்து விசிறிக்கு ஏறத்தாழ 15,000 ரூபாய், இருபது மாதத்தில் திரும்பிவிடும். வேறெந்தப் பசுமைத் திட்டமும் இந்த வேகத்தில் பணத்தைத் திருப்பித் தராது.

இதைச் செய்த பிறகும் 500-க்கு மேல் நிற்கிற வீடுதான் சூரிய மின்சாரத்துக்குச் சரியான வீடு. குளிர்சாதனம் இரவெல்லாம் ஓடுகிற வீடு, பெரிய கூட்டுக் குடும்பம் வாழும் வீடு, மின்சார ஸ்கூட்டர் வாங்கிய வீடு இந்தக் கணக்கில் வரும்.

மாடியில் சூரியத் தகடு: எத்தனை கிலோவாட்?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக மொத்தம் 78,000, அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அவ்வளவுதான். "எழுபத்தெட்டாயிரம் மானியம்" என்ற விளம்பரம் எல்லாரையும் மூன்று கிலோவாட்டுக்கு இழுக்கிறது. கணக்கைப் பாருங்கள்.

நம் மாவட்டத்தில் ஒரு கிலோவாட் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு மூன்றரை முதல் நாலு யூனிட் தரும். 3.7 என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோவாட் இரண்டு மாதத்தில் சுமார் 440 யூனிட். 700 யூனிட் வீட்டுக்கு மீதி 260-க்குள் இறங்கும், பில் ஐந்நூறு ரூபாயைச் சுற்றி நிற்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 ரூபாய் மிச்சம். விலை 1.4 லட்சம், மானியம் போக 80,000 என்றால் நாலு ஆண்டில் போட்ட முதல் திரும்பும். அதே வீட்டில் மூன்றாவது கிலோவாட்டும் போட்டால் பில் பூஜ்யம் ஆகும். ஆனால் கூடுதல் மிச்சம் ஆண்டுக்கு 3,000 ரூபாய் மட்டும். அதற்கு மானியம் போக 30,000 சொச்சம் கொடுக்கிறீர்கள். பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். "பில்லே வராது" என்ற வாக்குறுதிக்குக் கொடுக்கும் விலை இது.

300 யூனிட் வீட்டுக்கு எப்படிப் போட்டாலும் ஆண்டு மிச்சம் 4,230 ரூபாயைத் தாண்டாது, ஏனென்றால் மொத்த பில்லே அவ்வளவுதான். பசுமை என்ற விருப்பத்துக்காகக் கையில் உள்ள பணத்தைப் போடுவது உங்கள் இஷ்டம். கடன் வாங்கிப் போட வேண்டாம். மாறாக 900, 1000 யூனிட் என்று ஓடுகிற வீட்டுக்கு மூன்று கிலோவாட் தாராளமாகக் கட்டுப்படியாகும்.

பகலில் மிஞ்சுகிற மின்சாரம் ஈபி கம்பிக்குப் போய், இரவில் எடுக்கிற யூனிட்டோடு கழிந்துகொள்ளும். வலைதான் உங்கள் பத்தாயம். மிஞ்சியது அடுத்த பில்லுக்குப் போகும். ஆனால் ஆண்டுக் கணக்கு முடியும்போது மிச்சத்தைக் காசாக்கலாம் என்று திட்டமிட்டுப் பெரிதாகப் போடாதீர்கள்.

இன்னொன்று. நம் ஊரில் கீழ்வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என இரண்டு இணைப்பு வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். தகடு எந்த இணைப்பில் சேர்க்கப்பட்டதோ அதன் யூனிட் மட்டுமே கழியும். அதிகம் ஓடும் இணைப்பு எது என்று ஓர் ஆண்டு பில்லைப் பார்த்து முடிவெடுங்கள். அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் முதல் வேலை பெயர் மாற்றம். விண்ணப்பமும் மானியம் வரும் வங்கிக் கணக்கும் இணைப்பாளர் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) கவனிக்க வேண்டியவை

கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். 540 வாட் தகடு ஒன்று 28 கிலோ இருக்கும். 2 கிலோவாட்டுக்கு நாலு தகடு, 3-க்கு ஆறு.

தெற்கு நோக்கி வைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். வட மாநிலங்களில் அது முக்கியம். இங்கே அட்சரேகை 8 பாகை என்பதால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. 10 பாகைச் சாய்வில் கிழக்கோ மேற்கோ பார்த்தாலும் இழப்பு கொஞ்சமே. சாய்வு அதற்குக் கீழே போக வேண்டாம், மழைத் தண்ணீர் அழுக்கை இழுத்துக்கொண்டு வடியாது. வடக்கு பக்கத்துத் தென்னையின் நிழல் விழாது என்று நினைத்து இடம் குறித்தால் மே, ஜூன் மாதத்தில் ஏமாறுவீர்கள்.

நிழல்தான் இந்த மாவட்டத்தின் முதல் எதிரி. ஒரு தகட்டின் மூலையில் ஒற்றை ஓலை நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதின் உற்பத்தியும் குறையலாம். பக்கத்து விளையில் (தோப்பில்) தென்னை நின்றால், தகட்டின் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கான ஏ.சி. ஆக்கும் இன்வெர்ட்டரை ஒன்றாக வைக்காமல் தகட்டுக்குத் தனித்தனி மைக்ரோ இன்வெர்ட்டர் வைப்பது தீர்வு. ஆனால் விலை ஏறும். தென்னை தலைக்கு மேலேயே சாய்ந்து நின்றால் எந்த இன்வெர்ட்டரும் உதவாது. தகட்டின் கண்ணாடி 25 மில்லிமீட்டர் ஆலங்கட்டியைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டது, நெற்றுத் தேங்காயை அல்ல. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பரும் மலையும் காலை வெயிலை மறைக்கும், மழையும் கூடுதல். அங்கே 3.7 என்பதற்குப் பதில் 3.2 என்று வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் வெயில் தாராளம்.

கடற்கரையில் துரு. கொளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போல உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் சாதாரணப் பெயின்ட் அடித்த இரும்புச் சட்டம் நாலைந்து மழைக்காலத்தில் போய்விடும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த, 80 மைக்ரான் பூச்சுள்ள சட்டம் அல்லது அனோடைஸ் செய்த அலுமினியம் கேளுங்கள். போல்ட்டும் நட்டும் 304 அல்லது 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. தகட்டுக்கு ஐ.இ.சி. 61701 உப்புப் பனிச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். டி.சி. கம்பி வெள்ளீயம் பூசிய தாமிரமாக இருக்கட்டும். பழுது வருவது பெரும்பாலும் தகட்டில் அல்ல, கம்பிகள் சேரும் இணைப்பியில். இரண்டு வெவ்வேறு கம்பெனி இணைப்பியை ஒன்றோடொன்று செருகினால் நாளடைவில் உப்பும் ஈரமும் ஏறி, சூடாகி உருகும்.

காற்று. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலை மறந்தவர் இங்கே இல்லை. தகட்டுச் சட்டம் மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் வடிவமைப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மழைக்காக மட்டுப்பாவின் மேல் ஷீட் கூரை போட்ட வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். தகட்டின் எடை சதுர மீட்டருக்குப் பதினொரு கிலோதான், அதைக் கூரை தாங்கிவிடும். தூக்குகிற காற்றைத் தாங்குமா என்பதே கேள்வி. தகட்டை ஷீட்டில் மட்டும் திருகினால் ஷீட்டோடு பறக்கும். கீழே உள்ள இரும்புக் குழாயில் பிடிக்க வேண்டும், திருகுத் துளைக்கு ரப்பர் வளையம் வேண்டும். பழைய ஓட்டு வீட்டில் ஏற்றுவதைவிட முற்றத்தில் தனிச்சட்டம் போட்டு அடியில் வண்டி நிறுத்துவது மேல்.

இடி மின்னல் சித்திரையிலும் ஐப்பசியிலும் விடாது. மூன்று தனித்தனி எர்த் குழி வேண்டும்: இடிதாங்கிக்கு ஒன்று, தகட்டுச் சட்டத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரின் ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று. செலவைக் குறைக்க மூன்றையும் ஒரே குழியில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இன்வெர்ட்டருக்கு இரண்டு பக்கமும் உள்ள பெட்டிகளில் சர்ஜ் பாதுகாப்புக் கட்டை (திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுப்பது) இருக்க வேண்டும். அதன் சிறு சன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் அந்தக் கட்டையை மட்டும் மாற்றலாம்.

பகல் பன்னிரண்டு மணிக்கு நல்ல வெயிலில் உற்பத்தி விட்டுவிட்டு நின்றால் தகட்டைக் குறை சொல்லாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தூரத்தில் உள்ள ஒற்றை பேஸ் வீட்டில், தகடு மின்சாரத்தை உள்ளே தள்ளும்போது மின்னழுத்தம் 250 வோல்ட்டைத் தாண்டும். இன்வெர்ட்டர் தானாக நிறுத்திக்கொள்ளும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை தடிமனான கம்பி போட்டால் பாதி சரியாகும். மீதிக்கு ஈபியில் எழுதிக் கொடுத்து டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) மாற்றச் சொல்ல வேண்டும்.

கரண்ட் போனால்?

சூரிய மின்சாரம் இருந்தால் கரண்ட் போகாது என்று நம்பிப் போடுகிறவர்கள் நிறைய. வலையோடு இணைந்த இன்வெர்ட்டர், ஈபி நின்ற நொடியில் தானும் நிற்கும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக அது அப்படி அமைக்கப்பட்டது. நடுப்பகலில் தகடு பளபளத்தாலும் விசிறி ஓடாது.

ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தால் ஓடும். 5 கிலோவாட்மணி (5 யூனிட்) லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி லட்சம் ரூபாயைச் சுற்றி வரும், அதற்கு மானியம் இல்லை. பில்லிலும் அது ஒரு பைசா குறைக்காது, கழித்துக்கொள்ளும் வேலையை வலையே செய்கிறது. ஆக அது மின்தடைக்கு மட்டும் கொடுக்கும் விலை. நாளுக்கு ஒரு மணி, இரண்டு மணி போகிற இடத்தில் ஏற்கெனவே இருக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியும் பழைய இன்வெர்ட்டருமே போதும். அதை அப்படியே விட்டு, தகட்டுக்கு வலை இணைப்பு இன்வெர்ட்டரைத் தனியாகப் போடலாம். இரண்டும் சண்டையிடாது.

வீட்டில் ஆக்ஸிஜன் கருவியோ இன்சுலின் வைக்கும் குளிர்பெட்டியோ இருந்தால் ஹைபிரிட்டுக்கு அர்த்தம் உண்டு. குளிர்பெட்டி, ஐந்து புதிய விசிறி, விளக்கு, வைஃபை எல்லாம் சேர்ந்து சராசரி 300 வாட் என்றால் ஒரு முழு பேட்டரி பதினைந்து மணி நேரம் தாங்கும். ஒக்கி போல் நாட்கணக்கில் கம்பம் சாய்ந்து கிடக்கும்போது, புயலன்று தகடு அதிகம் தராது. மேகம் விலகிய மறுநாளிலிருந்து தரும். ஆனால் கிணற்று மோட்டாரை அதில் மாட்டாதீர்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப் போல் நாலு முதல் ஆறு மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டர் விழுந்துவிடும். அவசரச் சுமைக்குத் தனிப் பெட்டி போட்டு அதை மட்டும் இணைக்க வேண்டும். முழு வீட்டையும் இணைத்துத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

சிறு காற்றாடி

காற்றாலை ஊரில் இருந்துகொண்டு வீட்டில் ஒரு காற்றாடி வைத்தால் என்ன என்று தோன்றும். காற்றின் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் படியில் ஏறும், இறங்கும். வினாடிக்கு 11 மீட்டர் காற்றில் ஒரு கிலோவாட் தரும் காற்றாடி, 5 மீட்டர் காற்றில் நூறு வாட் கூடத் தராது. முப்பந்தல் காற்று கணவாயில், உயரமான கோபுரத்தில், மே முதல் செப்டம்பர் வரை கிடைப்பது. மட்டுப்பா உயரத்தில் தென்னைக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே காற்று சுழன்று உடைந்துதான் வரும். சத்தமும் அதிர்வும் உபரி. ஆரல்வாய்மொழியில் வெட்டவெளியில் வீடு இருந்தால் தவிர, விட்டுவிடுங்கள்.

நிறுவுபவரைத் தேர்ந்தெடுப்பது

வெளிநாட்டில் மின் விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கிற கவனத்தை நாம் இங்கே செலுத்த வேண்டும். மானியம் வேண்டுமானால் திட்டத்தின் தேசிய இணைய முகப்பில் பதிவான நிறுவனமாகவும், உள்நாட்டில் செய்த செல்லுள்ள டி.சி.ஆர். தகடாகவும் இருக்க வேண்டும். டி.சி.ஆர். அல்லாத தகடு விலை குறைவு என்பதால் விலைப்புள்ளியில் அதைக் காட்டி மயக்குவார்கள், பிறகு மானியம் வராது. ஒவ்வொரு தகட்டின் வரிசை எண்ணும் பில்லில் வரட்டும். மானியம் மின் இணைப்பு முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவது. "கழித்துக்கொண்டு மீதி தாருங்கள்" என்பவரோடு கையெழுத்துப் போட வேண்டாம்.

நடைமுறை இப்படிப் போகும்: மின் இணைப்பு எண்ணோடு முகப்பில் பதிவு, நிறுவனத் தேர்வு, நிறுவுதல், இருவழி மீட்டருக்கு விண்ணப்பம், ஈபி சோதனை, இயக்கச் சான்று, கடைசியாக வங்கி விவரம். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று 2024 விதித்திருத்தம் சொல்கிறது. ஆகவே "ஈபியில் ஆறு மாதம் இழுக்கும்" என்று சொல்லி முன்கூட்டியே முழுப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பொருள் வந்ததும் ஒரு பங்கு, நிறுவியதும் ஒரு பங்கு, மீட்டர் ஓடத் தொடங்கியதும் கடைசிப் பத்து சதவீதம் என்று பிரியுங்கள். அந்தப் பத்து சதவீதம் கையில் இருக்கும்வரை தொலைபேசியை எடுப்பார்கள்.

இன்வெர்ட்டர் பழுதானால் ஆள் எங்கிருந்து வருவார் என்று கேளுங்கள். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ சேவை மையம் உள்ள கம்பெனியின் இன்வெர்ட்டர், சென்னைக்குப் பெட்டி கட்டி அனுப்ப வேண்டியதைவிட ஐயாயிரம் கூடினாலும் மலிவு. நாளுக்கு ஏழு யூனிட் வீதம் ஒரு மாதம் நின்றால் இருநூறு யூனிட்டுக்கு மேல் போய்விடும், அதுவும் உயர்ந்த அடுக்கில். திட்டப்படி ஐந்து ஆண்டுப் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு, ஆண்டுக்கு எத்தனை முறை வருவார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். கழுவுவது உங்கள் வேலை. தை முதல் சித்திரை வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை, விடியற்காலையில், மென்துணியும் நல்ல தண்ணீரும் போதும். கடலோரக் கிணற்று உப்புத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், காய்ந்ததும் வெள்ளைப் படலம் பிடித்துக்கொள்ளும்.

நாகர்கோவில் அடுக்குமாடிக் குடியிருப்போருக்குக் கணக்கு வேறு. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான பொது இணைப்புக்கு இலவச 100 யூனிட் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே காசு. குடியிருப்போர் சங்கத்துக்கு அந்தப் பொதுத் தேவைக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. தனித்தனியாக மாடியில் இடம் பிடிக்கச் சண்டை போடுவதைவிடச் சங்கமாகப் போட்டு மாதப் பராமரிப்புக் கட்டணத்தைக் குறைப்பது எளிது. மாடி யாருக்குச் சொந்தம் என்று விற்பனைப் பத்திரத்தில் பார்த்துவிட்டு, சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எழுதிய பிறகு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.